பழைய விடுதியா, புதிய விடுதியா: கல்லூரி விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது எதை ஒப்பிட வேண்டும்

கல்லூரியில் இடம் உறுதியான பிறகு கைக்கு வரும் விடுதி விருப்பப் படிவத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்கள்தான் இருக்கும். ஒன்று வளாகத்தின் நடுவில் நிற்கும் பழைய கட்டடம்: வாசலில் திறப்புவிழாக் கல்வெட்டு, நீண்ட நடைவழி, அதன் இருபுறமும் வரிசையாக அறைகள், தளத்துக்கு ஒரு பொதுக் குளியலறை. இன்னொன்று வளாகத்தின் ஓரத்தில் அண்மையில் எழும்பியது: நான்கைந்து பேருக்கு ஒரு சிறு கூடம், அவர்களுக்கென்று ஒரு குளியலறை, ஏசி, லிஃப்ட். சில இடங்களில் மூன்றாவதாக, சமையலறையோடு கூடிய அடுக்குமாடி வீடு போன்ற ஏற்பாடும் உண்டு. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக வசதிப் பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு, எதில் அதிக வரிகள் இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால் ஒவ்வொரு முறையும் புதிய கட்டடமே வெல்லும். ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை. பட்டியலுக்கு முன்னால் தளவரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஓர் ஆண்டு முழுவதும் யாரைத் தினமும் எதிர்கொள்ளப் போகிறோம், யாரைத் தவிர்க்க முடியாது, எப்போது தனித்திருக்க முடியும் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது அந்த வரைபடம்தான்.

விடுதியின் வடிவம் தற்செயலாக அமைவதில்லை. நாலந்தாவின் அகழாய்வில் வெளிப்பட்ட விகாரைகளில், நடுவில் ஒரு முற்றமும் அதைச் சுற்றி நாற்புறமும் சிறு அறைகளும் இருப்பதைக் காணலாம். ஒவ்வோர் அறையின் வாசலும் பொது முற்றத்தை நோக்கியே திறக்கிறது. ஆக்ஸ்போர்டின் மெர்ட்டன் கல்லூரியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 14ஆம் நூற்றாண்டில் நிறைவடைந்த மாப் குவாட் என்னும் நாற்கட்டு வேறொரு முறையைக் காட்டுகிறது. அங்கே நடைவழி இல்லை. முற்றத்திலிருந்து தனித்தனி மாடிப்படிகள் ஏறுகின்றன, ஒவ்வொரு படிக்கட்டையும் சில அறைகள் மட்டும் பகிர்ந்துகொள்கின்றன. இந்தப் படிக்கட்டு முறை ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பல நூற்றாண்டுகள் நிலைத்தது. கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரியான கர்ட்டன், 1873இல் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தபோது, படிக்கட்டு முறையை விட்டுவிட்டு நடைவழி முறையை எடுத்துக்கொண்டது. வெளியே போகாமலே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குச் செல்லலாம் என்பது அதன் வசதி. மாணவியரின் வரவு போக்கைக் கண்காணிப்பதும் நடைவழியில் எளிது. ஒரே அமைப்பு சௌகரியமாகவும் காவலாகவும் இருக்க முடியும் என்பதை இன்றைய விடுதியின் வரவேற்பு மேசையைக் கடக்கும் எவரும் உணரலாம்.

இன்று நாம் ‘பழைய விடுதி’ என்று சொல்வது பெரும்பாலும் இவ்வளவு பழையதன்று. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் கட்டப்பட்டவையே அவற்றில் மிகுதி. அமெரிக்காவில் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் கல்விச் செலவைத் தந்தது. மாணவர் தொகை பெருகியது. 1950ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் கல்லூரிகள் விடுதி கட்டுவதற்கு அரசுக் கடனுக்கு வழி செய்தது. குறைந்த செலவில் நிறையக் கட்டில்களைப் போட வேண்டியிருந்த அந்தக் காலத்துக்கு மிகவும் பொருந்திய வடிவம், நடுவில் ஒரு நீண்ட நடைவழி, இரு பக்கமும் இருவர் தங்கும் அறைகள், குழாய்கள் அனைத்தும் ஒரே இடத்தில் சேரும்படி ஒரு பெரிய குளியலறை என்பதுதான். அந்த வடிவமே உலகின் பல பகுதிகளிலும் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டது. ஆகவே பழைய விடுதியின் குறைகள் என்று சொல்லப்படுபவற்றில் பலவற்றுக்கு வயது காரணமில்லை. அன்றைய அவசரமும் சிக்கனமுமே காரணம்.

இந்த நீண்ட நடைவழி மனிதர்களை என்ன செய்கிறது என்பதை 1970களில் ஆண்ட்ரூ பாம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் என்னும் இரு உளவியலாளர்கள் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். ஒரு வகை விடுதியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே நடைவழியையும் ஒரே குளியலறையையும் ஒரே பொது அறையையும் பகிர்ந்துகொண்டார்கள். இன்னொரு வகையில் 4 முதல் 6 பேர் கொண்ட சிறு தொகுப்புகளுக்கு அவரவர் கூடமும் குளியலறையும் இருந்தன. ஒரு தளத்தில் வாழ்ந்தவர்களின் எண்ணிக்கையும் ஒருவருக்குக் கிடைத்த இடமும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆயினும் நடைவழிக்காரர்களே நெரிசலை மிகுதியாக உணர்ந்தார்கள், பிறரைத் தவிர்த்தார்கள். விடுதிக்கு வெளியே, ஆய்வகத்தின் காத்திருப்பு அறையில் முன்பின் அறியாத ஒருவரோடு உட்கார வைத்தபோதுகூட அவர்கள் தள்ளிப்போய் அமர்ந்தார்கள், அந்த ஆளை ஏறிட்டுப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டார்கள். அறையின் பரப்பைச் சதுர அடியில் ஒப்பிடுவதால் மட்டும் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. நெரிசல் என்பது இடக்குறைவால் மட்டும் வருவதன்று. நாம் விரும்பாத நேரத்தில், நாம் தேர்ந்தெடுக்காத ஆட்களை எதிர்கொண்டே ஆக வேண்டியிருப்பதாலும் வருகிறது.

இதைப் படித்துவிட்டு உடனே புதிய விடுதியின் பெயரை எழுதிவிடக் கூடாது. கதையின் அடுத்த பகுதி இன்னும் பயனுள்ளது. பாமும் இன்னோர் ஆய்வாளரும் சேர்ந்து 1980இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது பேர் வாழ்ந்த ஒரு நீண்ட நடைவழியின் நடுவில் மூன்று படுக்கையறைகளைப் பொது அறையாக மாற்றி, கதவுகள் வைத்து, தளத்தை இருபது இருபது பேராக இரண்டாகப் பிரித்தார்கள். கட்டடம் அதேதான், அறைகளும் அவைதான். நெரிசல் உணர்வு குறைந்தது. அங்கிருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவது கூடியது. நடைவழி விடுதியைக் கருதுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே கிடைக்கிறது. ஒரு நடைவழியில், ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் இடையில், எத்தனை பேர்? இருபதுக்குள் இருந்தால் அது அக்கம்பக்கம். பெயர்கள் ஒரு மாதத்தில் மனத்தில் பதிந்துவிடும். நாற்பதைத் தாண்டினால் அது தெரு. பழைய விடுதிகளிலும் கட்டடம் வளைந்தோ கிளைத்தோ செல்வதால் தளம் இயல்பாகவே சிறு பகுதிகளாகப் பிரிந்துகிடப்பவை உண்டு. அமெரிக்காவில் பாஸ்டனை அடுத்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) அல்வார் ஆல்ட்டோ என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1949இல் திறக்கப்பட்ட பேக்கர் ஹவுஸ் பாம்பைப் போல நெளிந்து செல்கிறது. ஆற்றை ஒட்டிய சாலையின் போக்குவரத்தை நேருக்கு நேர் பார்க்காமல், பெரும்பாலான அறைகள் ஆற்றைச் சாய்வாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக எடுத்த முடிவு அது. அதன் பயனாக, நேரான சுவரில் வார்த்தெடுத்தாற்போன்ற ஒரே மாதிரி அறைகளும் அங்கே இல்லாமல் போயின.

புதிய தொகுப்பறை விடுதிக்கு வருவோம். அதன் நன்மைகள் பட்டியலில் இருப்பவையே: காலையில் குளியலறைக்கு வரிசை இல்லை, இரவில் நடைவழிக் கூச்சல் இல்லை, தோழர்களோடு உட்காரத் தனிக் கூடம் உண்டு. பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நாற்பது பேரில் நமக்கு ஒத்துவராதவர் பத்துப் பேர் இருந்தாலும் முப்பது பேர் மிஞ்சுவார்கள்; ஐந்து பேரில் இருவரோடு ஒத்துவரவில்லை என்றால் வீடே ஒத்துவரவில்லை. தொகுப்பறை வாழ்க்கை அந்தச் சிலரைப் பொறுத்தது, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலாண்டு மாணவருக்குப் பெரும்பாலும் இராது. குளியலறையை யார் கழுவுவது என்பதும் இங்கேதான் வருகிறது. பொதுக் குளியலறையைத் தூய்மைப் பணியாளர்கள் நாள்தோறும் சுத்தம் செய்வார்கள். தொகுப்பறைக் குளியலறையைப் பல இடங்களில் அங்கே வாழ்பவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ‘தனிக் குளியலறை’ என்ற வசதியின் மறுபக்கம் அது. மூன்றாவது வாரத்தில் வடிகாலில் சிக்கிய முடியை எடுக்கப் போவது யார் என்ற பேச்சு எழும்போதுதான் அது தெரியவரும்.

தொகுப்பறை என்ற எண்ணத்தை எல்லை மீறி இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் 2021இல் விவாதப் பொருளான மங்கர் ஹால் திட்டம் சான்று. சுமார் 4,500 மாணவர்கள் ஒரே கட்டடத்தில், எட்டுத் தனியறைகள் சேர்ந்தது ஒரு தொகுப்பு, ஒவ்வொருவருக்கும் தனியறை. காகிதத்தில் பார்த்தால் நடைவழி விடுதியின் குறைகள் அனைத்துக்கும் விடை கிடைத்தது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தத் தனியறைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குச் சன்னல் கிடையாது. பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புக் குழுவில் ஆலோசகராக இருந்த கட்டடக் கலைஞர் ஒருவர் அதை எதிர்த்துப் பதவி விலகினார்; 2023இல் பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு வேறு வழிக்குத் திரும்பியது. அவ்வளவு தூரம் போகாத புதிய விடுதிகளிலும் தொகுப்பின் கூடத்துக்குச் சன்னல் இருக்கிறதா, அறைச் சன்னல் திறக்குமா அல்லது கண்ணாடி நிலையாகப் பொருத்தப்பட்டதா என்று கேட்பது நல்லது. பழைய கட்டடங்களில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஏசி இல்லாத காலத்தில் காற்று வர வேறு வழி இல்லை என்பதால் திறக்கும் சன்னல் அங்கே கட்டாயம் இருக்கும்.

சமையலறையுடன் கூடிய வீட்டமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது மேல் வகுப்பு மாணவர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஏற்றது. முதலாண்டில் அங்கே போகிறவர் வகுப்புக்கும் வீட்டுக்கும் இடையில் யாரையும் சந்திக்காமலே ஒரு பருவத்தைக் கழித்துவிடக் கூடும். சமையலறை மட்டும்தான் ஈர்ப்பு என்றால் நடுவழி ஒன்று உண்டு. கோபன்ஹேகனில் 2006இல் திறக்கப்பட்ட வட்ட வடிவமான டீட்கன் விடுதியில் பன்னிரண்டு தனியறைகளுக்கு ஒரு பொதுச் சமையலறை என்ற கணக்கில், சமையலறைகளும் பொது அறைகளும் உள்முற்றத்தை நோக்கியும் தனியறைகள் வெளிப்புறத்தை நோக்கியும் அமைக்கப்பட்டுள்ளன. முற்றத்தைப் பார்த்துப் பொதுவாழ்க்கை, வெளியைப் பார்த்துத் தனிவாழ்க்கை என்ற இந்தப் பிரிப்பு நமக்குக் கிடைக்கும் விடுதியில் சிறிதளவாவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

இனி வரலாறு. விடுதியின் வரலாறு ஒரு வசதியா என்று கேட்டால், ஓரளவுக்கு ஆம் என்பேன். ஹார்வர்டில் 1720இல் கட்டி முடிக்கப்பட்ட மாசசூசெட்ஸ் ஹால் தொடக்கத்தில் 32 அறைகளும் 64 சிறு தனிப் படிப்பறைகளும் கொண்டிருந்தது. அறையை இருவர் பகிர்ந்தாலும் படிக்க ஆளுக்கு ஓர் இடம் தனியாக வேண்டும் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கருதியிருக்கிறார்கள். இன்றைய பல இரட்டை அறைகளில் அது கிடையாது. அமெரிக்க விடுதலைப் போரில் அதே கட்டடத்தில் 640 படைவீரர்கள் தங்கவைக்கப்பட்டார்கள். இத்தகைய சுவர்களுக்குள் வாழ்வதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் தோற்றத்தை வைத்து வயதைக் கணிக்க முடியாது. யேல் பல்கலைக்கழகத்தில் 2017இல் திறக்கப்பட்ட இரண்டு உறைவிடக் கல்லூரிகளும் 1930களில் எழுந்த பழைய கல்லூரிகளைப் போலவே இடைக்கால ஐரோப்பாவின் கோத்திக் பாணியில் செங்கல்லும் கல்லும் கொண்டு கட்டப்பட்டவை. அவற்றின் உள்ளே ஓடும் கம்பிகளும் குழாய்களும் புத்தம் புதியவை. இதற்கு நேர்மாறாக, வெளியே புதுச் சாயம் பூசி உள்ளே அறுபது ஆண்டு பழைய குழாய்களை வைத்திருக்கும் கட்டடங்களும் ஏராளம். ஆகவே கல்வெட்டில் இருக்கும் ஆண்டைவிட, கடைசியாக முழுமையாகப் புதுப்பித்த ஆண்டுதான் ஒப்பீட்டுக்கு உதவும். புதுப்பித்தபோது எதை மாற்றினார்கள் என்பதையும் கேட்க வேண்டும்: தளவாடங்களும் சாயமும் மட்டுமா, அல்லது மின்கம்பி, குழாய், தீப்பாதுகாப்பு வரை போனார்களா?

தீப்பாதுகாப்பில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. நியூஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில், 1952இல் கட்டப்பட்ட போலண்ட் ஹால் என்ற முதலாண்டு மாணவர் விடுதியில், 2000ஆம் ஆண்டு ஜனவரி 19 அதிகாலையில் மூன்றாம் தளப் பொது அறையில் தீப்பிடித்தது. மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள்; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்தப் பொது அறையில் தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை. எச்சரிக்கை மணி அடித்தது, ஆனால் அந்த விடுதியில் பொய் மணி அடிக்கடி அடித்துப் பழகிப்போயிருந்ததால் பலர் உடனே எழுந்து வெளியேறவில்லை. அதே ஆண்டிலேயே நியூஜெர்சி எல்லா மாணவர் விடுதிகளிலும் நீர்த்தெளிப்பான்களை நான்கு ஆண்டுகளுக்குள் பொருத்த வேண்டும் என்று சட்டம் இயற்றியது. இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, கட்டடத்தைப் பார்க்கப் போகும்போது கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும்: அறைக்குள்ளும் பொது அறையிலும் நடைவழியிலும் தெளிப்பான் முனைகள் தெரிகின்றனவா? இரண்டாவது, அங்கே வாழ்பவர்களிடம் பொய் மணி எத்தனை முறை அடிக்கிறது என்று கேட்க வேண்டும். நடைவழி விடுதிகளுக்கு இதில் ஒரு கூடுதல் அனுகூலமும் உண்டு: படிக்கட்டு எந்தப் பக்கம் என்பது எவருக்கும் கண்முன்னே இருக்கும். தொகுப்பறையிலிருந்து வெளியேற இரண்டு கதவுகளையும் ஒரு திருப்பத்தையும் கடக்க வேண்டியிருக்கலாம். பழைய விடுதியில் தெளிப்பான் இல்லை என்றால், மற்ற ஒப்பீடுகளுக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்.

மற்ற வசதிகளில் ‘ஏசி உண்டு’ என்ற வரியைச் சற்று ஐயத்தோடு படிக்க வேண்டும். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது பல இடங்களில் இரட்டைக் குழாய் முறையைப் பொருத்துகிறார்கள். அதே குழாய்களில் ஒரு பருவத்தில் சுடுநீரும் இன்னொரு பருவத்தில் குளிர்நீரும் ஓடும். முழுக் கட்டடத்துக்கும் ஒரே நேரத்தில் ஒன்றுதான் கிடைக்கும். எந்த நாளில் மாற்றுவது என்பதை நிர்வாகம் முடிவுசெய்யும். குளிர்காலம் முடிந்து திடீரென்று வெயில் ஏறிய ஒரு வாரத்தில் சுவரில் இருக்கும் வெப்பநிலைக் குமிழை எவ்வளவு திருகினாலும் பயன் இராது. சன்னலைத் திறப்பதுதான் வழி. நீராவியால் சூடேற்றும் இன்னும் பழைய கட்டடங்களில் குளிர்காலத்தின் நடுவிலும் சன்னல்கள் திறந்து கிடப்பதைக் காணலாம். அறைக்கு அறை கட்டுப்பாடு இல்லாததால் வரும் நிலை அது. அறைக்கு அறை தனிக் கட்டுப்பாடு உண்டா என்று கேட்டுவிட்டால் பட்டியலில் உள்ள அந்த ஒரு வரியின் உண்மை மதிப்பு தெரிந்துவிடும்.

மின்சாரத்தில் புதிய கட்டடத்துக்குத் தெளிவான வெற்றி. ஓர் அறைக்கு ஒரு மேசைவிளக்கும் ஒரு வானொலியும் போதும் என்று கணக்கிட்ட காலத்துப் பிளக் பாயிண்டுகள் இன்றைய தேவைக்குப் போதா. ஒலியில் மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு: பழைய கட்டடங்களின் கனமான செங்கல் அல்லது கான்கிரீட் கட்டிச் சுவர்கள் பக்கத்து அறைப் பேச்சைத் தடுப்பதில், மெல்லிய ஜிப்சம் பலகைத் தடுப்புகளைவிடப் பெரும்பாலும் மேலானவை. அந்தக் கனமான சுவர்களே வைஃபை அலைகளையும் தடுக்கும். அறைக்குள் கம்பி இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம். லிஃப்ட் இல்லாததைச் சிறு குறையாக எண்ணிக் கடந்துபோகிறவர்கள், சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வாழ்கிறவருக்கு அந்த விடுதி முழுவதுமே மூடிய கதவு என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சலவை அறையை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை பேருக்கு எத்தனை இயந்திரங்கள் என்ற விகிதம் ஒரு புறம். இயந்திரம் நின்ற பிறகு துணிக்கு உரியவர் வராவிட்டால் ஈரத்துணியை எடுத்து வைக்க அங்கே மேசை இருக்கிறதா என்பது இன்னொரு புறம். மேசை இல்லாத சலவை அறையில் சண்டை நிச்சயம். இதே போல் பொதுக் குளியலறையில் ஷவர்களின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொன்றுக்கும் உடை மாற்றத் தனித் தடுப்பும் உலர்ந்த கொக்கியும் இருக்கின்றனவா என்பதே அங்கே அன்றாடம் குளிப்பவருக்கு முக்கியம்.

யாருக்கு எது என்று கேட்டால், என் சாய்வு வெளிப்படையானது. புதிய ஊருக்கு யாரையும் அறியாமல் வரும் முதலாண்டு மாணவருக்கு, முறையாகப் புதுப்பித்த, தெளிப்பான் பொருத்திய, இருபது பேருக்கு மேற்படாத நடைவழி கொண்ட பழைய விடுதியையே பரிந்துரைப்பேன். உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரும் அவரது குழுவினரும் எம்ஐடியின் வெஸ்ட்கேட் மாணவர் குடியிருப்பில் ஆராய்ந்து 1950இல் வெளியிட்ட முடிவின்படி, அங்கே நட்பு வளர்ந்தது பெரும்பாலும் அடுத்தடுத்த வாசல்களுக்கிடையேதான். படிக்கட்டின் அடியிலும் அஞ்சல்பெட்டிகளின் அருகிலும் குடியிருந்தவர்களுக்கு மேல்தளத்தாரோடும் கூடுதலாகப் பழக்கம் இருந்தது. கதவைத் திறந்து வைத்தாலே நான்கு பேர் கடந்துபோகும் வசதி தொகுப்பறையில் இல்லை. எளிதில் தூக்கம் கலைபவர், உடல்நிலை காரணமாகத் தனிக் குளியலறை தேவைப்படுபவர், கூடி வாழத் தோழர்களை ஏற்கெனவே கண்டுகொண்ட இரண்டாமாண்டு மாணவர் ஆகியோருக்குத் தொகுப்பறைதான் சரி. அவர்களிடம் நடைவழியின் பெருமையைப் பேசிப் பயனில்லை. நாற்பது ஐம்பது பேரைக் கொண்ட, பிரிக்கப்படாத நடைவழி விடுதிக்கும் சாதாரணமான புதிய தொகுப்பறைக்கும் இடையில்தான் தேர்வு என்றால், முதலாண்டு மாணவரையும் தயங்காமல் தொகுப்பறைக்கே அனுப்புவேன்.

படிவத்தில் அறை விருப்பம் எழுத இடம் விட்டிருந்தால் அதை வெறுமையாக விடக் கூடாது. நடைவழி விடுதியில் குளியலறைக்கும் படிக்கட்டுக்கும் எதிரே உள்ள அறையில் எல்லோரும் அறிமுகமாவார்கள், தூக்கம் மட்டும் போகும். கடைசிக் கோடி அறையில் தூக்கம் வரும், ஆட்கள் வர மாட்டார்கள். படிக்கட்டிலிருந்து மூன்று நான்கு கதவு தள்ளி, குளியலறைச் சுவரைத் தொடாத அறை என்று எழுதினால் போதும். தொகுப்பறை என்றால், கூடத்தின் கதவை ஒட்டிய அறை வேண்டாம் என்று எழுதலாம்.